மலை தெரிந்ததும் அழுத்தும் பட்டன்

என் வீட்டுக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னது நீங்கள்தான். அதுவும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பத்துப் பேர் மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஊரும் தெரியாது. கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டுக்கு ஒரு குழு நடத்துகிறீர்கள், எல்லோரும் உங்களை அட்மின் என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் தெரியும். இது நடந்தது போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில்.

நான் மாவு மில் நடத்துகிறவள். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேச வராது. எழுதினாலும் அப்படித்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

என் வீட்டுக்காரர் வேலூர் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். எங்கள் மில்லும் வேலூர் ரோட்டில்தான், வீட்டை ஒட்டியே. மில்லைத் தாண்டும்போது சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார். மிளகாய் அரைக்க வந்து நிற்கிற பொம்பளைகள்கூட, "உங்க ஊட்டுக்காரரு போறாரு பாரு" என்று சிரிப்பார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பார்க்காமலே தெரியும்.

அந்த ரூட்டில் வேலூரில் இருந்து வரும்போது, போளூர் தாண்டியதும் ஓர் இடத்தில் எங்கள் ஊர் மலை கண்ணில் படும். எங்களுக்கு அந்த மலைதான் சாமி. டிரைவர்கள் அந்த இடத்தில் ஸ்டீயரிங்கை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை எடுத்து நெஞ்சிலும் நெற்றியிலும் வைப்பார்கள். பேச்சுக்கு நடுவில் இருந்தாலும் கை போய்விட்டு வரும். என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படிச் செய்தவர்.

பிறகு ஒரு நாள் காலையில் காபி டம்ளரை இடது கையால் வாங்கினார். டம்ளர் கீழே விழுந்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரி, பயிற்சி எல்லாம் முடிந்து கால் ஓரளவு தேறிவிட்டது. இடது கை மட்டும் தேறவில்லை. பஸ்ஸில் கியர் போடுகிற கை அது.

வேலை போனது. பேச்சும் கம்மியாகிவிட்டது. எங்கள் கூடத்து ஜன்னலைத் திறந்தால் மலை முழுசாகத் தெரியும். அவர் நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "ஏங்க, வெளிச்சமா இருக்குது, இந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க" என்றேன்.

"வேணாம்மே. அவரோட நான் பேசறதில்ல" என்றார்.

யாரோடு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பில் ஒரு பஸ் விளையாட்டைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். "அப்பா, நம்ம வேலூர் ரூட்டே இருக்குதுப்பா இதுல. யாரோ பசங்க அவங்களே வரைஞ்சு போட்டிருக்காங்க." எனக்கு எரிச்சலாக இருந்தது. நிஜ பஸ் ஓட்டியவருக்குப் பொம்மை பஸ்ஸா? அவர் திரையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "கண்ணமங்கலத்துல நிக்காம போவுது? ஸ்டாப்பிங் எங்க?" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒரு கையால் ஓட்ட முடியவில்லை. திருப்புகிற பட்டன்கள் கீபோர்டில் ஒரு மூலையில், பிரேக் ஒரு மூலையில், ஹாரன் வேறெங்கோ. கை ஹாரனுக்குப் போனால் பிரேக் போச்சு. மகள் இணையத்தில் தேடி, ஒரு கைக்கு என்றே செய்த கீபேட் ஒன்றை வரவழைத்தாள். உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. நாலு விரலுக்குக் கீழே வரிசையாகப் பட்டன்கள், கட்டை விரலுக்கு நாலு பக்கமும் அசைகிற ஒரு சின்னக் குச்சி. எந்தப் பட்டன் என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பார்சலைப் பிரித்ததும் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. "இன்னாடி இது, கட்டை வெரலு வெக்கிற எடம் இந்தப் பக்கம் இருக்குது?"

மகள் முகம் செத்துப்போனது. விளையாடுகிறவர்கள் வலது கையில் மவுஸ் பிடிப்பார்களாம். அதனால் அந்தச் சாமானை இடது கைக்குத்தான் செய்திருக்கிறார்கள். "ஒத்தக் கைன்னு போட்டிருந்தா எந்தக் கைன்னு பாக்க மாட்டியா? உங்கப்பாவுக்கு எந்தக் கை போச்சுன்னுகூட மறந்துட்டியா?" என்று கத்தினேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மே கொழந்தைகிட்ட கத்தற? வண்டி ரிவர்ஸ்ல வந்து நிக்குது, அவ்ளோதான" என்றார் அவர். அதை வாங்கி, முன்பக்கம் பின்னால் வருகிற மாதிரித் தலைகீழாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை வைக்கிற தட்டைக் கழற்றச் சொன்னார். கொஞ்சம் சாய்த்து வைத்து வலது கையை மேலே வைத்தார். கட்டை விரல் குச்சிக்கு எட்டியது. சரிவு மட்டும் எதிர்ப்பக்கமாக இருந்தது. என் பழைய ரப்பர் செருப்பின் அடியை அறுத்து முட்டுக் கொடுத்தோம். அறுத்தது நான்தான்.

முதலில் அவர் இடது பக்கம் தள்ளினால் பஸ் வலது பக்கம் போனது. குச்சியும் தலைகீழாகிவிட்டதே! அப்பாவும் மகளும் சிரித்துச் சிரித்து ஒவ்வொரு பட்டனுக்கும் வேலை மாற்றினார்கள். "கியரு வேணாம்பா, ஆட்டோமேட்டிக்ல வெச்சுடறேன், ஈஸி" என்றாள் மகள். "கியரு இல்லாம இன்னாத்துக்கு பஸ்ஸு?" என்றார். மோதிர விரலில் கியர் ஏறும், சுண்டுவிரலில் இறங்கும் என்று வைத்துக் கொடுத்தாள். இடது கையோடு போன கியர் வலது கையின் சுண்டுவிரலில் திரும்பி வந்தது.

அப்புறம்தான் அட்மின் சார், உங்கள் குழு. தினமும் சாயந்திரம் பத்துப் பஸ்கள் வரிசையாக வேலூரில் கிளம்பி திருவண்ணாமலை வரும். எல்லோரும் மைக்கில் பேசிக்கொண்டே ஓட்டுவீர்கள். என் வீட்டுக்காரர் நிஜ டிரைவராக இருந்தவர் என்று தெரிந்ததும் "டிரைவரண்ணே, டிரைவரண்ணே" என்று சுற்றிக்கொண்டீர்கள். எனக்கு மில்லில் இருந்தே கேட்கும். "தம்பி, வளைவுல பிரேக்க மிதிக்காதடா, பாசஞ்சரு வாந்தி எடுப்பான்!" "அண்ணே, பாசஞ்சரே இல்லண்ணே!" "இருக்காங்கன்னு நெனச்சு ஓட்டுடா!" வேங்கிக்கால் வரும்போது இரண்டு ஹாரன் அடிப்பார். உங்கள் விளையாட்டு ரோட்டில் எங்கள் மில் கிடையாது. இருந்தும் அடிப்பார். எனக்குக் கேட்கும்.

கை விஷயத்தை மட்டும் அவர் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாளே ஒரு விபத்து நடந்தது. உங்கள் விளையாட்டிலும் மலை வரும். யாரோ பையன் வரைந்த மலை, கொட்டி வைத்த மாவு மாதிரி இருக்கும். போளூர் தாண்டி அது தெரிந்ததும் இவர் கை தன்னால் கீபேடை விட்டு நெஞ்சுக்குப் போய்விட்டது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. பஸ் வேகம் குறைந்து நடு ரோட்டில் தள்ளாடியது, பின்னால் வந்தவன் இடித்தான், ஒரே கூச்சல், சிரிப்பு. அடுத்த நாளும் அதேதான்.

"மனசுக்குள்ள கும்பிட்டுக்கோங்களேன்" என்றேன்.

"கைய எடுக்காம கும்பிட்டா அது வண்டி ஓட்டறதும்மே. கும்பிடறது இல்ல."

ஜன்னலில் நிஜ மலை நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் இருக்கிற மாவு மலையைக் கும்பிடுகிறார். நான் இதை எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் எப்போது வாயை மூட வேண்டும் என்று சில நேரம் தெரியும்.

மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஓரத்தில் சும்மா இருந்த ஒரு பட்டனுக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்தாள். அதை ஒரு தடவை அழுத்தினால், கையை எடுத்துவிட்டாலும் நாலு விநாடிக்கு ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ரோடு நேர் ரோடு. அன்று சாயந்திரம் கையெல்லாம் மாவோடு வாசற்படியில் நின்று பார்த்தேன். மலை தெரிந்தது. பட்டனை அழுத்தினார். கை நெஞ்சுக்குப் போனது, நெற்றிக்குப் போனது, திரும்பிக் கீபேடுக்கு வந்தது. பஸ் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நானும் கும்பிட்டிருக்கிறேன் போல. அப்புறம் பார்த்தால் நெற்றியெல்லாம் மாவு.

மறுநாள் காலையில் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தது. அவரே திருப்பியிருந்தார்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எதை உடைத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் கேட்டான்: "டிரைவரண்ணே, இப்பல்லாம் அந்த எடத்துல இடிக்க மாட்றீங்களே, எப்படிண்ணே?" இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்குத் தனியா ஒரு பட்டன் வெச்சிருக்கேன் தம்பி. அமுத்திட்டேன்னா கொஞ்ச நேரம் வண்டி அது பாட்டுக்குப் போவும்."

உடனே நீங்கள் நடுவில் வந்தீர்கள். "மேக்ரோவா? தானா ஓட்டற வேலையா?"

"பேரெல்லாம் தெரியாது தம்பி. எங்க பொண்ணு போட்டுக் குடுத்தா."

"அப்ப இவ்ளோ நாளா இந்த வேலைதான் பண்ணீங்களா? எல்லாரும் கேட்டுக்கங்கப்பா, இந்தாளு ஏமாத்துக்காரரு. இங்க கையால ஓட்டறவங்களுக்குத்தான் எடம்."

கையால ஓட்டறவங்களுக்கு. இவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் குழு காணாமல் போனது. வெளியே தள்ளிப் பூட்டிவிட்டீர்கள்.

உங்கள் சட்டம் எனக்குப் புரிகிறது. பஸ்ஸைத் தானாக ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய், உட்காராமலே கிலோமீட்டர் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்காகப் போட்ட சட்டம். சரி. ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

"ஏங்க, கைய பத்திச் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"சொன்னா அண்ணேன்னு கூப்புட மாட்டானுங்கமே. ஐயோ பாவம்னு கூப்புடுவானுங்க."

கீபேட் அட்டைப்பெட்டிக்குள் போனது. முட்டுக் கொடுத்த செருப்புத் துண்டையும் கூடவே வைத்தார். நாற்காலி மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பியது. அந்த வாரம் முழுக்க, மில்லில் மிஷினை நிறுத்துகிற நேரமெல்லாம் எனக்குக் காது வலித்தது. வீட்டுக்குள் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு ஒரு சாயந்திரம் மகள் போன் செய்தாள். உங்கள் குழுவில் எப்போதும் கடைசி பஸ் ஓட்டுகிற ஒருவர், அவள் போட்டுக் கொடுத்த விளையாட்டுக் கணக்குக்கு அப்பாவைத் தேடிச் செய்தி அனுப்பியிருக்கிறாராம். இரண்டே பேருக்குத் தனியாக ஒரு குழு திறந்து வைத்துக் காத்திருக்கிறாராம். இவர் மாட்டேன் என்றார். பெட்டியைப் பிரித்து, கீபேடை மேஜைமேல் வைத்து, செருப்புத் துண்டை முட்டுக் கொடுத்தது நான். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? நான் மஸ்கட்ல கிரேன் ஓட்டறேண்ணே. ஊரு நமக்கு அடி அண்ணாமலை."

மலையைச் சுற்றுகிற பாதையில் இருக்கிற ஊர். எங்கள் வீட்டில் இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான்.

"இங்க வந்து மூணு வருஷமாச்சுண்ணே. மலை வந்தா எனக்குக் கை தன்னால நெஞ்சுக்குப் போயிடும். ஒரு தபா வண்டியவே கவுத்துட்டேன். அதான் யார் மேலயும் இடிக்கக் கூடாதுன்னு கடைசியா வர்றது. மொத ரெண்டு நாளு நீங்க அங்க ஸ்லோ ஆனதப் பாத்தேன், ஏன்னு தெரியலன்னாலும் உங்களுக்கும் சேத்துத்தான் எடம் வுட்டு வந்தேன்."

இவர் கீபேடில் இருந்து கையை எடுத்தார். அப்புறம், வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத அந்த ஆளிடம் சொன்னார். "தம்பி, எனக்கு எடது கை வராது."

நான் லேப்டாப் பக்கம் ஒரு அடி வைத்தேன். ஐயோ பாவம் என்று அந்த ஆள் சொல்லியிருந்தால் லேப்டாப்பைத் தூக்கி ரோட்டில் வீசியிருப்பேன்.

"யோவ் அண்ணே! அப்ப ஒத்தக் கைய வெச்சுக்கினா எங்க எல்லாரையும் ஓவர்டேக் பண்ணே? அடப்பாவி!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். சும்மா இல்லை, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"அந்தப் பட்டன எனக்கும் போட்டுத் தரச் சொல்லுண்ணே உன் பொண்ண" என்றார் அந்த ஆள்.

மகள் போட்டுக் கொடுத்தாள். இப்போது தினமும் சாயந்திரம் இரண்டு பஸ்கள் கிளம்புகின்றன. மலை தெரிகிற இடத்தில் நாலு விநாடிக்கு இரண்டு பஸ்களையும் யாரும் ஓட்டுவதில்லை. இரண்டும் நேராகத்தான் போகின்றன. வேங்கிக்கால் வந்தால் இரண்டு ஹாரன், பின்னாலேயே இன்னும் இரண்டு ஹாரன். நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருக்கிறது.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. பாவம்னு மட்டும் எழுதாத" என்றார். எழுதவில்லை. ஒருவன் ஏன் வண்டியை மெதுவாக்குகிறான் என்று தெரியாவிட்டாலும் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு வர முடியும் என்று, நான் பார்த்தே இராத ஒரு ஆளிடம் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் மில் வாசலில் யாராவது மெதுவாகப் படியேறினால் நான் கத்துவதில்லை.

ஆனால் உங்களை விடுவதாக இல்லை, அட்மின் சார். என் வீட்டுக்காரர் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, உங்கள் குழுவில் இடமும் கேட்கவில்லை. கேட்பது நான். ஒற்றைக் கையால் அத்தனை தூரம் ஓட்டிவந்து, சாமி கும்பிட நாலு விநாடி மட்டும் அந்தக் கையை எடுத்தவர் யாரை ஏமாற்றினார்? எல்லாரும் கேட்டுக்கங்க என்று சொல்லித்தானே அவரைத் தள்ளினீர்கள், அதே பத்துப் பேரைக் கூப்பிட்டு, அதே மைக்கில், எல்லாரும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.