ஜாவாவில் ஓடிய தோணி

போன மாதம் அலமாரியை ஒதுக்கும்போது கல்லூரிக் காலத்து சிடி ஒன்று அகப்பட்டது. இறுதியாண்டில் நானும் என் சிநேகிதியும் ஜாவா கணினிமொழியில் எழுதிய தோணி அதில் இருந்தது. திரையில் அலை புரளும். சரக்குத் தோணி ஒன்று அதில் ஏறி இறங்கும். பொத்தானை அமுக்கினால் காற்று மாறிப் பாய் புடைக்கும். கல்லூரி லேப் ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் விசைப்பலகையெல்லாம் பிசுபிசுக்கும். அந்த ஜன்னலோரம்தான் நாங்கள் இருவரும் ஒரே கணினியில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தோம்.

ஓட்டிப் பார்த்தேன். வரிவரியாகப் பிழைகள் வந்தன. அலையை வரைந்து காட்ட வேறு யாரோ எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பு, லைப்ரரி ஒன்று வேண்டும். அதற்குத் துணையாக இன்னும் இரண்டு வேண்டும். அவை சிடியில் இல்லை. இணையத்தில் தேடினால் அந்தத் தளமே மூடப்பட்டிருந்தது. வேறொரு தளத்தில் கிடைத்த புதிய பதிப்பைப் போட்டால், ஒரு பிழையைச் சரிசெய்வதற்குள் பத்துப் பிழைகள் முளைத்தன.

அன்று சிடியில் அவற்றை ஏற்ற வேண்டாம் என்றவள் நான்தான். எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமே, எதற்குச் சுமை என்று அவளை ஏசினேன். பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அவள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. பொங்கல் வாழ்த்தோடு உறவு நின்றுபோனது.

தயங்கித் தயங்கித்தான் போன் செய்தேன். அவள் இப்போது திருச்செந்தூரில் பள்ளி ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"எல்லாம் எங்கிட்ட இருக்குளா. வேம்பார்ல எங்க வீட்டுக்கு அப்போ ஏது நெட்டு? அதான் மொத்தத்தையும் ஒரே போல்டர்ல போட்டு வச்சேன்."

"கல்யாணத்துக்கு வராம இருந்துட்டேன். தப்புதான்," என்றேன்.

"வருவன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன்ளா," என்றாள். பிறகு, போல்டரை அனுப்புவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து ஓட்டினோம். தோணி வெறிபிடித்ததுபோல் பறந்தது. ஒவ்வொரு முறை படம் வரையும்போதும் தோணியைக் கொஞ்சம் நகர்த்தும்படி எழுதியிருந்தோம். இன்றைய கணினியோ கண்ணிமைப்பதற்குள் பல படங்களை வரைந்துவிடுகிறது. கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத் தோணி நகரும்படி அவள் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். மதியச் சாப்பாட்டுக்குள் தோணி நிதானத்துக்கு வந்தது.

பாயின் நிழல் தப்பாக விழுகிறது என்றாள். அடுத்த சனிக்கிழமை அதைப் பார்ப்பதாக இருக்கிறோம்.