‘நாங்க’ என்று சொன்னவர்கள்

முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் காது. எங்கள் அலுவலகத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அதுவும் அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? வக்கீல்களுக்கு வேலை தேடித் தருவதும், வக்கீல் அலுவலகங்களுக்கு ஆள் பிடித்துத் தருவதும் எங்கள் பிழைப்பு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதையே செய்தேன், அரைகுறையாக. வாயால் பிழைக்கிறவர்களிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் வழக்கம். காது அதிகம் பேச மாட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘ம்’ கொட்டுவார். எதிர்முனையில் இருப்பவர் தாமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்.

வேலையில் சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் ஓடிவிட்டால், நாங்கள் சும்மா இன்னொருவரைத் தேடித் தர வேண்டும். அதனால் அவ்வப்போது போன் போட்டு நலம் விசாரிப்போம். அதற்குக் காது ஒரு கணக்கு வைத்திருந்தார். சேர்ந்த இடத்தை ‘அவங்க’ என்று சொல்கிற வக்கீல் கிளம்பப் போகிறார். ‘நாங்க’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் ஒட்டிக்கொண்டார், இனி கவலையில்லை. “அவங்க ஒரு கேஸ் எடுத்திருக்காங்க” என்பதற்கும் “நாங்க ஒரு கேஸ் எடுத்திருக்கோம்” என்பதற்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது. அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஒரே ஒரு அலுவலகத்தில் மட்டும் இது மிக வேகமாக நடந்தது. பாலத்துக்குப் பக்கத்தில், பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தரும் இடம். நாங்கள் அனுப்பிய யாரும் அங்கிருந்து திரும்பி வந்ததில்லை. வாரம் தாண்டுவதற்குள் ‘நாங்க’ வந்துவிடும். எங்களுக்கு ஏக சந்தோஷம்.

காதின் தங்கையும் வக்கீல். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்ததே காதுதான். வேலை பார்த்த இடத்தில் சீனியர் ஒருவர் எல்லார் முன்னாலும் கத்தியதில் மனம் உடைந்து, மாதக்கணக்காக அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தாள். சொந்தக்காரர்களை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர், தன் தங்கையை அந்த நாலாவது மாடிக்கு அனுப்பினார்.

“அங்க யாரும் யாரையும் திட்டறதில்லை. உள்ள போனவங்க யாராவது வெளிய வந்தாங்களா, சொல்லுங்க பார்ப்போம்” என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன். என் மூளை எப்போது நேரத்துக்கு வேலை செய்திருக்கிறது?

தங்கை அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். முதல் போனில், “நான் நல்லா இருக்கேன்க்கா, அவங்க ரொம்பத் தன்மையா இருக்காங்க” என்றாள். அடுத்த போனில் ‘நாங்க’ வந்துவிட்டது. காது மேசையைத் தட்டிச் சிரித்தார். அதற்கடுத்த முறை, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

“நாங்க சாப்பிட்டோம்க்கா.”

“ராத்திரி தூங்கினியா?”

“நாங்க நல்லாத் தூங்கினோம். எங்களுக்கு லேசா பல்வலி, அவ்வளவுதான்.”

காது சட்டென்று அந்தப் போனை வைத்தார். முன்பு அங்கே அனுப்பியிருந்த நடுத்தர வயது வக்கீல் ஒருவருக்குப் போன் போட்டு, அதையும் ஸ்பீக்கரில் வைத்தார். சரியான வாயாடி மனிதர் அவர். “நாங்க நல்லாத் தூங்கினோம். எங்களுக்கு லேசா பல்வலி, அவ்வளவுதான்” என்றார், யாரும் கேட்காமலே. இன்னொருவருக்குப் போட்டோம். அவருக்கும் அதே பல்வலி.

அப்போதே இருவரும் கிளம்பினோம். பட்டப்பகல், கீழே தெரு நிறைய ஜனம். நாலாவது மாடியில் ஒரு நீளமான அறை. ஜன்னலோரம் வரிசையாக மேசைகள், மேசைக்கொரு கம்ப்யூட்டர். எல்லார் விரல்களும் ஒன்றாகத் தட்டின, ஒன்றாக நின்றன. நாங்கள் நுழைந்ததும் தங்கை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் வாசலோடு நின்றுகொண்டேன். காது போய் அவள் கையைப் பிடித்தார். “சின்னப் பிள்ளையில உன்னை என்னன்னு கூப்பிடுவேன்? சொல்லு.”

“எலிக்குட்டி.”

சொன்னது தங்கை இல்லை. கடைசி மேசையில் இருந்த அந்த வாயாடி வக்கீல். அவர் கண் கலங்கியிருந்தது.

“எந்திரி, வீட்டுக்குப் போலாம்” என்று காது அவளை இழுத்தார். அவள் அசையவில்லை. முன்பு காதின் வீட்டில் நான் பார்த்தபோதெல்லாம் அழுது அழுது வீங்கிக் கிடந்த முகம் அது. அது இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

“நாம எதுக்குக்கா போகணும்?” என்றாள்.

நாங்க இல்லை, நாம. எதிரே நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது. என் மரமண்டைக்கே அது உறைத்தது, காதுக்கு உறைக்காமல் இருக்குமா? அவர் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஐயோ மேடம், உட்காராதீங்க! அவளையும் இழுத்துட்டு வாங்க, போயிடலாம்!” என்று வாசலில் நின்று கத்தினேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

“இவளைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வர்றது?” என்றார் காது. குரல் அவருடையதுதான், அழுகிற குரல். “நீங்க போங்க. நாங்க வரல.”

தங்கையின் கையை அவர் விடவே இல்லை.