இஸ்பிரீத்து சாந்துவுக்குப் பிழை போட்ட ரீச்சர்

கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது சம்பளமில்லாத உத்தியோகம். கேள்விகள் மட்டும் கந்தோர் உத்தியோகத்தைவிட அதிகம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, அடுப்பில் விட்டுவந்த மீன்குழம்பை நினைத்தபடி பிள்ளைகளை மேய்க்கும் சகோதரிகளே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

எழுத்தில் உண்டோ?

சண்டை முடிந்து மீளக்குடியேறி வருடங்கள் போயும் எங்கள் வகுப்பு தகரக் கொட்டில்தான். அன்று பாடம்: கடவுள் வெளிப்படுத்தியது வேதாகமத்தாலும் வருகிறது, தலைமுறையாகக் கையளித்த மரபாலும் வருகிறது. வாசலில் என் வகுப்புப் பிள்ளை நிரோஷியின் சித்தப்பா. வேதாகமம் மட்டும் போதும் என்கிற வேறு சபைக்கு மாறியவர். "எழுத்தில இல்லாதது செல்லாது, ரீச்சர்" என்றார்.

"எந்தெந்தப் புத்தகம் வேதாகமத்தில சேரும் எண்டு எந்த எழுத்தில இருக்கு? அதையும் திருச்சபைதானே சொல்லித் தந்தது?" என்றேன். மனுசன் பிள்ளையின் பையை எடுத்தார். "நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான், ரீச்சர்."

சிவப்பு மை

நிரோஷிக்கு எட்டு வயது, முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு ஆயத்தம். சிலுவை அடையாளத்தை எழுதச் சொன்னால் 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்று எழுதியிருந்தாள். "தூய ஆவி எண்டு எழுது. உது போர்த்துக்கீசன்ர கப்பலில வந்த சொல், கப்பலிலயே போயிட்டுது" என்று சிவப்பு மையால் கீறிவிட்டேன்.

"என்ர ஞானத்தாய் சொல்லித் தந்தது, ரீச்சர். பிழை எண்டா அவவுக்குப் போடுங்கோ."

பதிவுப் புத்தகம்

முதல்நன்மைக்கு ஞானஸ்நானப் பதிவு வேண்டும். நிரோஷியின் பெயரோ எந்தக் கோயில் புத்தகத்திலும் இல்லை. "சந்தேகமெண்டால் திரும்பக் குடுப்பம்" என்றார் ஃபாதர். எனக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. தாய் ரெஜினா மட்டும் அசையவில்லை.

"சண்டைக்க பங்கருக்குள்ள ஞானஸ்நானம் குடுக்கேக்க பிள்ளையை ஏந்தி நிண்டது இவளின்ர அப்பா. அடுத்த கிழமை அவர் இல்லை. திரும்பக் குடுத்தா, அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டாகுமே, ஃபாதர்."

பெரியமடுவில் இருந்து

"கண்ட வேற ஒராள் வந்து சொன்னால் போதும்" என்றார் ஃபாதர். அன்று பங்கருக்குள் கூட நின்ற, பெரியமடு ஊர் ஞானத்தாயை மோட்டார்சைக்கிளில் ஏற்றிவந்தது வேறு யாருமில்லை, எழுத்துக்கார சித்தப்பாதான்.

"தண்ணி ஊத்தினது ஆர்?"

"நான்தான், சாமி. ஷெல்லடிக்குள்ள குருவானவரை எங்க தேடுறது?"

"என்ன சொல்லி ஊத்தினீங்கள்?"

ஒரு சொல் பிசகினாலும் ரெஜினாவின் அந்த நாள் போய்விடும். அந்த மனுசி கண்ணை மூடினா.

"பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறன்."

"செல்லும்" என்று ஃபாதர் பேனையை எடுத்தார். ரெஜினா கதிரையில் இருந்து அழுதாள். "இப்ப எழுத்தில ஏறிட்டுது, சந்தோசமோ?" என்று சித்தப்பாவைக் குத்தினேன். "அவ சொன்னாப் பிறகுதானே எழுதினது, ரீச்சர்" என்றார். அதற்குள் நிரோஷி கொப்பியை நீட்டினாள்.

"இப்ப சரி போடுங்கோ, ரீச்சர்."

வேதாகமமும் மரபும் என்று ஒரு தவணை முழுக்கத் தொண்டை கிழியப் படிப்பித்ததில் ஒரு பிள்ளைக்கும் பிழையில்லை, சிவப்பு மை வைத்திருந்த எனக்குத்தான் பாடம் வரவில்லை.