பசுபதி மாமா ராவிப் பார்த்த குண்டு

பசுபதி மாமா என் அக்கா ருக்மிணியின் வீட்டுக்காரர். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் சாஃப்ட்வேர் வேலை. வாரம் முழுக்க வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். மான் வேட்டை சீசன் வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். விடிவதற்குள் ட்ரக்கை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விடுவார். அவர் கொண்டுவரும் கறிக்காகத் தெரிந்தவர்கள் வீடுகளில் காத்திருப்பார்கள்.

குண்டு பட்ட முன்னங்கால் சப்பையை இங்கே பலர் அப்படியே எறிந்துவிடுவார்கள். மாமாவுக்கு மனசு வராது. சப்பை எலும்பு இல்லாமல் என்ன குழம்பு என்பார். ரத்தம் கட்டிய இடத்தை மட்டும் அரிந்துவிட்டு மீதியைத் துண்டு போடுவார்.

மகள் மாளவிகா மாசமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மான்கறி வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மாமா அந்த முறை குண்டை மாற்றினார். வழக்கமாகப் போடுவது நூற்றெண்பது கிரெயின் எடை, கிட்டத்தட்ட பன்னிரண்டு கிராம். இது நூற்று முப்பது. அதே கம்பெனி, அதே மாதிரிப் பெட்டி. டெக்சாஸ் மான் சின்னதுதானே, எடை குறைந்தால் கறியும் குறைவாகச் சிதையும் என்று நினைத்தார்.

ஞாயிறு காலை கறியைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. விரல் நுனியில் கடுகளவு சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொன்று.

"ஏனுங்க, இது ஈயமுங்களா?"

மாமா வாங்கிப் பார்த்தார். நேரே கராஜுக்குப் போனார். தோட்டாவில் மருந்தையும் குண்டையும் அவரே அடைப்பார், அதனால் வெறும் குண்டுகள் தனியாக இருக்கும். இரண்டு எடையிலும் ஒவ்வொன்றை எடுத்து இடுக்கியில் பூட்டி, அரத்தால் பாதி வரை ராவினார். நான் கதவோரம் நின்றேன். கனமான குண்டில் செம்பு உறை தடிமனாக, உள்ளே இருக்கும் ஈயத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. லேசானதில் உறை நுனிப்பக்கம் காகிதம் மாதிரி இருந்தது. வேகமாகப் போய் எலும்பில் பட்டதும் அது கிழிந்து, ஈயம் தூளாகச் சிதறியிருக்கிறது.

"எடை மட்டுந்தான் வேறன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அந்த இடத்தை எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாமா என்று அக்கா கேட்டாள். கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிடலாம், தெரியாததை என்ன செய்வது, வயிற்றுப் பிள்ளைக்கு ஈயம் விஷமாச்சே என்றவர், எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டினார். ஃப்ரீசரில் இருந்த அதே மானின் கறியும் போயிற்று.

பிறகு போனை எடுத்தார். பக்கத்துத் தெரு ரஞ்சித்குமாருக்கு இதே கறியில் ஒரு பை கொடுத்திருந்தார். அந்த வீட்டில் கைக்குழந்தை. விஷயத்தைக் கேட்டதும் ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் வந்தது.

"என்ன சார், இந்தத் தடவ மான் உங்களச் சுட்டுருச்சா?"

"பையப் பிரிச்சீங்களா?"

இல்லை என்று பதில் வந்த பிறகுதான் மாமா உட்கார்ந்தார்.

கறிக்கு அரைத்த மசாலாவில் அக்கா முட்டையை உடைத்து ஊற்றினாள். மாளவிகா வந்ததும் மாமா இரண்டு குண்டுகளையும் மேஜைமேல் வைத்து, தான் செய்த தப்பை அவரே சொன்னார். அவள் வயிற்றில் கைவைத்தபடி கேட்டாள். குழம்பை இன்னொரு முறை ஊற்றிக்கொண்டாள்.

"நெக்ஸ்ட் டைம் அந்த ஹெவி ஒன்தான், ஓகேவா அப்பா?"

"ஆகட்டும் கண்ணு. சப்பையும் இனி வேண்டாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மாமா தன் தட்டில் முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.