கொளுக்கி வைத்த அகரம்

சீன மைக்கு ஒரு வாசம் உண்டு. கற்பூரத்தையும் விளக்குக் கரியையும் சேர்த்துக் குழைத்தது போல... பூம்ப்ளிஸ் என்ற ஊரில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அந்தப் போத்தலை முதல்முதல் திறந்தபோது, "கோயிலுக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு" என்றார் இவர்.

பல கிழமைகளுக்குப் பிறகு அவர் உற்சாகமாகச் சொன்ன வசனம் அது.

அந்த வருடம் இவருடைய வலது கையில் காயம் பட்டிருந்தது. ரெஸ்டாரண்ட் குசினியில் கழுவிக்கொண்டிருந்த கண்ணாடி ஜாடி உடைந்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நரம்பைத் தைத்தார்கள். ஆனாலும் சின்ன விரலும் மோதிர விரலும் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. மற்ற விரல்களில் பிடி இல்லை. பயிற்சிக்கென்று பிசைவதற்கு ஒரு பச்சைக் களியைத் தெரபியில் கொடுத்துவிட்டார்கள். இவர் அதைத் தொடவில்லை.

"நான் என்ன சின்னப் பிள்ளையே, களி உருட்டி விளையாட?"

வேலை போனதைவிட வேறொன்றுதான் அவரை அரித்தது. அந்த விஜயதசமிக்கு எங்கள் மகள் ஆரபிக்கு ஏடு தொடக்க வேண்டும். அவளுடைய கையைத் தானே பிடித்து 'அ' எழுதுவிக்க வேண்டும் என்று, அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். ஒருநாள் மெதுவாக, "ஐயரே பிடிச்சு எழுதட்டும்" என்றார். சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு மெய் வந்தாள்.

மெய் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த சீனப் பெண். என் வயதுதான். சாப்பாட்டு இடைவேளையில் தூரிகையும் மையுமாக உட்கார்ந்து எழுதிப் பழகுவாள். நான் இவருடைய கதையைச் சொன்னதும் வேறொன்றும் கேட்கவில்லை. "சனிக்கிழமை வருகிறேன்" என்றாள். எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஜெர்மன்தான்.

பெயரைக் கேட்டதும் இவருக்குச் சிரிப்பு. "உயிரெழுத்துத் தொடங்க முதலே மெய் வந்திட்டுதப்பா!"

ரயிலில் கிடைக்கும் இலவசப் பேப்பரை மேசையில் விரித்தாள். அவள் எழுதுவது, ஒவ்வொரு கோட்டையும் நின்று நிதானித்துப் போடுகிற எழுத்து வகை. அவசரம் கூடாது. முதலில் படுக்கைக் கோடு. தூரிகையை அழுத்தி வைத்து, வலப் பக்கம் இழுத்து, முடிவில் ஒரு கணம் நின்று, வந்த வழியே கொஞ்சம் திரும்ப வேண்டும். அவள் போட்ட கோடு, இரண்டு முனையும் தடித்த எலும்பு மாதிரி உறுதியாகக் கிடந்தது. இவர் போட்டது மண்புழு.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "என்ர விரல் சரிவராது."

மெய் அவருடைய மணிக்கட்டை மேசையிலிருந்து மெல்லத் தூக்கிவிட்டாள். "விரல் பிடிப்பதற்கு மட்டும். எழுதுவது முழங்கை, தோள்."

இவர் என்னைப் பார்த்தார். "தோளில எனக்கு ஒரு குறையும் இல்லையே!"

அன்றைக்குப் பிடித்ததுதான்... ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வந்தாள். நிமிர்ந்த கோடு. தடிப்பாகத் தொடங்கி இடப் பக்கம் சரிந்து கூராக முடிகிற கோடு. மெல்லியதாகத் தொடங்கி வலப் பக்கம் இறங்கி, பாதம் ஊன்றுவது போல அழுத்தி, பிறகு மெல்ல எழும்புகிற கோடு. மற்ற நாட்களில் இவர் தனியாக எழுதுவார். நான் வேலையால் வரும்போது குசினி முழுக்கக் கறுத்த பேப்பர் காய்ந்துகொண்டிருக்கும். சோறும் ஆக்கி வைத்திருப்பார்.

கொளுக்கி மட்டும் வரவே இல்லை. நிமிர்ந்த கோட்டின் அடியில் நின்று, தூரிகை நுனியைக் கூட்டி, இடப் பக்கமாக ஒரு சுண்டு சுண்ட வேண்டும். இவருக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மை குளமாகிவிடும். "வராவிட்டால் போகட்டும், அடுத்த சனி வரும்தானே" என்பாள் மெய்.

விஜயதசமி அன்று திரிம்பாக் என்ற ஊரில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். மெய்யும் வந்தாள், என்னுடைய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு. பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். ஐயர் ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டில் பரப்பிய அரிசியில் எழுதுவித்துக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்ததும், இவர் வாய் திறப்பாரா மாட்டாரா என்று முகத்தையே பார்த்தேன்.

"ஐயா... நான் பிடிச்சு எழுதலாமோ?"

"ஓமோம், தகப்பன்தானே. வாங்கோ."

ஆரபியை மடியில் இருத்தி, அந்தச் சின்னக் கைக்கு மேலே தன் கையை வைத்தார். அவள் அவசரப்பட்டு அரிசியைக் கிளறப் பார்த்தாள். "ஆறுதலா அம்மா... ஆறுதலா" என்றார். முழங்கை உயர்ந்தது. வளைவு கொஞ்சம் கோணித்தான் போனது. ஆனால் கடைசியில் வரும் நேர்கோடு, மேலேயிருந்து கீழே, ஒரு நடுக்கமும் இல்லாமல் இறங்கியது. அடியில் போய் நின்றது. நின்ற கை, பழக்கத்தில், இடப் பக்கமாக ஒரு சுண்டு சுண்டியது.

ஐயர் குனிந்து பார்த்தார். "இதென்ன தம்பி, அகரத்துக்குக் கொளுக்கி?"

"அது எங்கட மெய் தந்தது ஐயா" என்றார் இவர். சிரித்தார். கண் கலங்கியிருந்தது. பின்னால் நின்ற மெய் அரிசித் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. மெய் கலியாணம் முடித்து பாசல் பக்கம் போய்விட்டாள். இவர் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறார். குளிர் கூடினால் அந்த இரண்டு விரலும் இன்னும் உளையும். ஆரபி இப்போது தொழில் படிக்கிறாள். பெருவிரலால் போனில் தட்டுவதுதான் அவளுக்கு எழுத்து.

போன கிழமை இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். அப்பாவின் கை சுகமாக வேண்டும் என்று எவ்வளவு தவித்தோம், பஸ்ஸில் அந்தக் கையை ஜாக்கெட்டுக்குள் எப்படி ஒளித்துக்கொண்டு வருவார் என்றெல்லாம்... அவள் போனிலிருந்து நிமிர்ந்து, விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பான்ர கை எப்பவும் அப்பிடித்தானேம்மா. அதுக்கென்ன?"

அடுப்படியில் நின்றவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். வெங்காயம் வெட்டுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.