சைபர் காட்டிய மிஷின்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு விஜயதசமிக்கு மறுநாள் அருப்புக்கோட்டையில் நடந்தது இது. பந்தல்குடி சாலையோரம் இருந்த ஒரு நூல் மில்லில், பாய்லர் பிரிவில் அப்போது நான் வேலை பார்த்தேன். என் பிள்ளைகளுக்கு அன்று விவரம் தெரியாத வயது. இப்போது வாசிக்கத் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாய்லரில் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் உண்டு. அது எரியும்போது சல்பர் டை ஆக்ஸைடு என்ற வாயு வரும். தீக்குச்சியை உரசியதும் மூக்கைக் குத்துகிறதே, கிட்டத்தட்ட அந்த நெடிதான். கொஞ்சமாக இருந்தால் இருமலோடு போய்விடும். அதிகமானால் நெஞ்சை அடைத்து ஆளைச் சாய்த்துவிடும். அது எங்காவது கசிகிறதா என்று பார்க்க, மில்லில் கையில் எடுத்துப் போகிற மிஷின் ஒன்று வாங்கியிருந்தார்கள். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான் இருக்கும். முகப்பில் எண் தெரியும். எண்ணுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் போல வெள்ளை வட்டம். அது வடிகட்டி. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாயு கூடினால் மிஷின் கத்தும்.

அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கொண்டுவந்து கொடுத்த கம்பெனி ஆள் இரண்டு சோதனைகள் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் வெட்டவெளியில் வைத்து சைபர் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சின்ன சிலிண்டரில் இருக்கும் சோதனை வாயுவைக் காட்டி எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்துபோய், புதிதுக்கு எழுதிப் போட்டும் வந்து சேரவில்லை. சைபர் வந்தால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

அன்று காலை, டவுனில் சாயப்பட்டறை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் மில்லுக்கு வந்தார். எங்கள் நூலை வாங்குகிறவர். முந்தின நாள் நல்ல மழை. எங்கள் வறண்ட பக்கத்தில் எல்லோருக்கும் வயிறு குளிர்ந்த மழை. அவருடைய குடோனில் மட்டும் ஓடு ஒழுகி, சாயத்துக்குப் போடும் ஹைட்ரோஸ் பவுடர் டிரம்முக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தப் பவுடரில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் தானாகச் சூடேறிப் புகைந்து, இதே வாயுவைக் கக்கும்.

"தீவாளிச் சரக்கு பூரா உள்ள கெடக்கு தம்பி. புகை அடங்கிருச்சு. உள்ள போலாமா வேணாமான்னு ஒங்க மிஷின வச்சுப் பாத்துச் சொன்னாப் போதும்" என்றார். மேனேஜர் என்னை அனுப்பிவைத்தார்.

பட்டறையில் குடோன் தரை வாசலை விடத் தாழ்ந்து இருந்தது. படி இறங்கித்தான் போக வேண்டும். முதலாளியின் மச்சினன், அந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆனவர், நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நூல் காயப்போடும் அக்கா ஒருவர் சற்றுத் தள்ளி நின்று இருமிக்கொண்டிருந்தார்.

தெருவில் வைத்து மிஷினைப் போட்டேன். சைபர். குடோன் வாசலுக்குக் கொண்டுபோனேன். சைபர். ஆனால் எனக்கே தொண்டை கரகரத்தது.

"பெறகென்ன?" என்றார் முதலாளி.

"இன்னுங் கொஞ்ச நேரம் பொறுப்போம் அண்ணாச்சி. நெடி இருக்குல்ல."

"நெடி ஒரு வாரத்துக்கு இருக்கும். மிஷினே சரிங்குது, மிஷினத் தூக்கிட்டு வந்தவரு மாட்டேங்காரே!"

மச்சினன் சிரித்தார். "நகருங்கண்ணே. நாலு மூட்டைய எடுத்து வெளிய போட்டுட்டு வாரேன். நீங்க அதுக்குள்ள ஒரு டீயக் குடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அந்த அக்கா இருமலுக்கு நடுவே சொன்னார்: "மிஷினுக்குச் சைபரு, நமக்கு மட்டும் இருமலா? மூக்கடச்ச மிஷினாப் பாத்துக் கொண்டாந்திருக்காக!"

முதலாளிகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் மிஷினின் மூக்கைப் பார்த்தேன்.

வெள்ளை வட்டத்தின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. ஆயுத பூஜைக்கு மில்லில் பெரிய மிஷின்களிலிருந்து ஸ்பேனர், சைக்கிள், தராசு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டுக்கென்றே செய்தது போல ஒரு வட்டம் இருந்தால், யாராக இருந்தாலும் அதில்தான் வைப்பார்கள். பூஜைப் பொட்டை நம்மில் யாரும் துடைப்பதில்லை, தானாகக் காய்ந்து உதிரும் என்று விட்டுவிடுவோம். காலையிலிருந்து நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது சந்தனமாகத் தெரிந்ததே தவிர, அடைப்பாகத் தெரியவில்லை. மிஷின் குடோன் காற்றை முகரவே இல்லை.

"வெளிய வாங்க! மிஷின நம்பாதீங்க!" என்று கத்தினேன்.

உள்ளே மூட்டை விழும் சத்தம் கேட்டது. இந்த வாயு காற்றை விடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். அவர் மூட்டையைத் தூக்கக் குனிந்திருக்கிறார். விடாத இருமல். பிறகு, "கண்ணு தெரியல அத்தான்" என்ற குரல்.

முதலாளி படியில் பாய்ந்தார். நான் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒருவர் சிக்கியது போதும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. "விடுலே! எங்க வீட்டுப் பிள்ளலே அது!" என்று திமிறினார், முழங்கையால் இடித்தார். நான் விடவில்லை.

அந்த அக்கா வாசலோரம் வந்து நின்று கூப்பிட ஆரம்பித்தார். "ஏய்யா! இங்கிட்டு வாய்யா! குனியாத, நிமுந்து வா! எஞ் சத்தத்துக்கு வா! இந்தா, இங்கிட்டு, இங்கிட்டு!" இருமி இருமிக் கூப்பிட்டார், நிறுத்தவே இல்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி மச்சினன் படிக்கு வந்தார். எட்டிய கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டோம். கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். முதலாளி அவரை வேனில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

அவர் போன பிறகு மிஷின் பையைத் திறந்தேன். வடிகட்டியை நகத்தால் சுரண்டினால் கிழிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பையில் இருந்த புதியதை மாற்றினேன். வெட்டவெளியில் சைபர். வாசலை நோக்கி நடந்தேன். படியை நெருங்குவதற்கு முன்பே மிஷின் அலறியது. எண் ஏறிக்கொண்டே போனது.

"இப்பத்தான் அதுக்கு மூச்சு வந்திருக்கு" என்றார் அந்த அக்கா. யாரும் சிரிக்கவில்லை. குடோனின் ஓடுகளைப் பிரித்துக் காற்றோட விட்டார்கள். மிஷின் நன்றாகச் சைபர் காட்டும்வரை ஒருவரையும் இறங்க விடவில்லை.

மச்சினன் பிழைத்து வந்தார். ரொம்ப நாளைக்குச் சிரித்தால் இருமல் வரும் என்று சிரிப்பை அடக்கிக்கொள்வார். முதலாளி அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போவார். மில்லில் சோதனை வாயுவை உடனே வரவழைத்தார்கள். அடுத்த பூஜைக்குப் பொட்டை மிஷினின் தோல் பை மேல் வைத்தோம். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளே, மிஷின் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. தனக்கு எட்டியதைத்தான் சொன்னது. முகம் வாடிப் பள்ளிக்கூடம் விட்டு வந்து "ஒண்ணுமில்லப்பா" என்று நீங்கள் சொல்கிற நாட்களில், நான் அதோடு விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்பது, 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்பி ஒருவர் படி இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருப்பதால்தான்.