வேகிற கைக்கு ஒரு பொட்டு

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேபிள் டிசைன் செய்கிற கடை என்னுடையது. படித்துக் கற்ற வேலையில்லை. பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. இங்கே ஊறுகாய்க்கும் ரோஜாப்பூ போடுவோம், ஊதுபத்திக்கும் ரோஜாப்பூ போடுவோம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டுக்கும் அதேதான். வத்தல்மலைக்குப் போகிற ரோட்டில் ஷெட் போட்டு ஆசிட்டும் பினாயிலும் கலக்கி விற்கிற அக்கா ஒருத்தர், ரோஜாவோடு சிரிக்கிற குழந்தை ஒன்றையும் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். "கடையில மூஞ்சியப் பாத்துத்தான் தம்பி கேனத் தூக்கறாங்க" என்பார்.

அவர் ஒரு நாள் முகம் வாடி வந்தார். அவருடைய சரக்கில் பெரும்பங்கை வாங்குவது ஒரு காலேஜ் ஹாஸ்டல். அங்கே ஆடிட் வரப்போகிறது. அபாயக் குறிக்குப் புது விதிமுறை வந்துவிட்டது, அதன்படி லேபிளை மாற்றாவிட்டால் அடுத்த லோடு கேட்டைத் தாண்டாது என்று ஸ்டோர் ஆபீசர் சொல்லிவிட்டாராம். ஹாஸ்டல் ஆர்டர் போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

விதிமுறைப் படத்தைத் திரையில் காட்டினேன். சாய்ந்து நிற்கிற, சிவப்புக் கரை போட்ட வெள்ளைக் கட்டம். உள்ளே, சொட்டு விழுந்து அரிக்கிற கை.

"என்ன தம்பி இது, கை வெந்து போற மாதிரி?"

"ஆசிட்டு பட்டா அப்படித்தானுங்க்கா ஆவும்."

"ஆவும். அத நாமளே சொல்லிக்கணுமா? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, எம்புள்ளைக்கு கோவம் வருமுன்னு நாமளா சொல்றம்?"

படத்தைச் சின்னதாக்கச் சொன்னார். அளவு விதியிலேயே இருக்கிறது என்றேன். சிவப்புக்குப் பதில் பச்சை கேட்டார். அதுவும் முடியாது. "ரெண்டு வளையலாவது மாட்டி உடு, பாக்க லட்சணமா இருக்கும்." ஆசையைக் கெடுப்பானேன் என்று மாட்டிக் காட்டினேன். கல்யாண வீட்டில் விபத்து நடந்த மாதிரி இருந்தது. அவரே கழற்றச் சொல்லிவிட்டார்.

ஆபீசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'அபாயம்' இங்கிலீஷில் இல்லை என்று திருப்பினார். இங்கிலீஷில் போட்டால், தமிழ் எங்கே என்றார். இரண்டையும் போட்டால், காலேஜ் பேர் எங்கே என்றார். ஆசிட் கேனில் காலேஜுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கைக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

எங்கள் பக்கம் புதுசாக எது கிளம்பினாலும் மஞ்சள், குங்குமம் வைக்காமல் வெளியே அனுப்ப மாட்டார்கள். ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் புது லேபிள் கேன்களுக்கும் வைத்தார்கள். லேபிள் பூராவும் எழுத்து. கொஞ்சம் வெள்ளையாக இருந்தது அந்தக் கட்டம் மட்டும்தான். வேகிற கையைப் பார்க்கச் சகிக்காமல் சரியாக அதன் மேலேயே வைத்துவிட்டார்கள்.

ஹாஸ்டல் கேட்டில் ஆபீசர் ஒரு கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, அபாயக் குறிக்கே அலங்காரமா? குறி தெரியாம உள்ள விட முடியாது."

கூடப் போயிருந்த நானும் அக்காவும் ஈரத்துணியோடு அங்கேயே குத்தவைத்துத் துடைத்தோம். துடைத்து வைத்த முதல் கேனை எடுக்க, ஹாஸ்டலில் கக்கூஸ் கழுவுகிற அம்மா ஒருத்தர் வந்தார். படத்தைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"ஏங்க, இது நாங்க ஊத்தற ஆசிட்டா?"

"அதேதானுங்கம்மா. சரக்கு மாறல, படந்தான் மாறுச்சு" என்றார் அக்கா.

"இத்தன நாளும் கொழந்த சிரிச்சுக்கிட்டில்ல இருந்துச்சு." கேனைக் கீழே வைத்தார். "சார், கிளவுஸ் வாங்கிக் குடுங்க. அதுவரைக்கும் நான் தொடறதா இல்ல."

கையுறை அணியவும் என்று படத்துக்குக் கீழேயே போட்டிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் ஆபீசர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்.

அவர் எங்களை மரத்தடிக்குக் கூப்பிட்டார். "இந்த லேபிள ஆடிட் அன்னிக்கு மட்டும் ஒட்டிக்கலாம்மா. மத்த நாளைக்குப் பழைய ரோஜாவே இருக்கட்டும். ரூலெல்லாம் கேட் வரைக்குந்தான்."

"அப்ப ஆர்டருங்க?"

"ரோஜா வந்தா ஆர்டரும் வரும்."

ரோஜாவுக்காக என்னிடம் அத்தனை மல்லுக்கு நின்றவர் உடனே தலையாட்டுவார் என்று நினைத்தேன். அக்கா அந்த அம்மா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோஜாவக் கேட்டவளே நாந்தானுங்க சார். ஆனா அந்தம்மா பாத்துட்டாங்களே. பாத்தத எப்படிங்க பாக்காததா ஆக்கறது?"

கேன்களை மறுபடி டெம்போவில் ஏற்றினோம். வழியெல்லாம் அக்கா கேன்களைத் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். ஷெட்டுப் பெண்களிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார்.

ஹாஸ்டலில் பழைய சரக்கும் தீர்ந்திருந்தது. விஷயம் பரவி, கழுவுகிற மற்றவர்களும் வெளியே எங்கிருந்து ஆசிட் வந்தாலும் கிளவுஸ் இல்லாமல் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விதிமுறை எட்டாத இடத்துக்கெல்லாம் நாற்றம் எட்டியது; பிரின்சிபால் ரூம் வரைக்கும். வாரம் முடிவதற்குள் ஆபீசரே போன் செய்து புது லேபிளோடேயே லோடு அனுப்பச் சொன்னார். கிளவுஸ் வாங்கியாகிவிட்டதாம். ஆடிட்டுக்கு வந்தவர்களோடு அதைப் பிடித்தபடி போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

ஆர்டர் தப்பித்த சந்தோஷத்தை அக்காவால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. "கழுவறவங்களுக்குக் கிளவுஸ் உண்டு, கலக்கற எங்களுக்குக் கெடையாதாக்கா?" என்று ஷெட்டுப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் நீ போட்ட படத்தால வந்த வென தம்பி" என்று எனக்குப் போன் செய்து புலம்பினார். அப்புறம் கடைவீதியில் பார்த்தேன். கிளவுஸ் ஜோடிகளை எண்ணி வாங்கிவிட்டு, தன் கையைக் கடைக்காரர் முன்னால் நீட்டி, "இந்த அளவுலயும் ஒண்ணு சேத்துக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.